இரங்கலும் இருத்தலும்: பாப்திஸ்து மரபின் லெந்துகால, உயிர்ப்புக்காலத் தியான உரைகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் காப்பியம், சிற்றிலக்கியம், கீர்த்தனை ஆகியவற்றையே பொருளாகக் கொண்டுள்ளன. ஆண்டுதோறும் சபைகளில் நிகழ்த்தப்பெறும் தியான உரைகள் இலக்கிய வகைமையாகக் கருதப்படவில்லை. இக்கட்டுரை பாப்திஸ்து மரபைச் சார்ந்த லெந்துகால, உயிர்ப்புக்கால உரைகளின் அமைப்பைத் திறனாய்வு நோக்கில் அணுகுகிறது. பெரிய வெள்ளி உரைகள் தமிழின் கையறுநிலை மரபிலிருந்து கண்ணீரைப் பெற்றுக்கொண்டு, அம்மரபுக்குரிய வினாவைக் கைவிட்டுள்ளன என்பதும், உயிர்த்தெழுந்த ஞாயிற்றின் உரைகள் காத்திருத்தலுக்கான மொழியைக் கண்டடையாமல் சான்றுரைக்கும் வாதங்களாகச் சுருங்கியுள்ளன என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள். இரட்சணிய யாத்திரிகமும் சங்க முல்லைப் பாட்டும் இதற்கு ஒப்பீட்டுக் களங்களாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்

லெந்து நாட்கள், பெரிய வெள்ளி, உயிர்ப்பு, பாப்திஸ்து மரபு, இரட்சணிய யாத்திரிகம், கையறுநிலை, முல்லை, இருத்தல், வற்புறுத்தல்.

முன்னுரை

கிறித்தவ சபைகளில் பிரசங்கம், அருளுரை, தேவசெய்தி, தியானம் எனப் பல பெயர்களால் வழங்கப்பெறும் உரை, கேட்டு முடிந்ததும் மறைந்துபோகும் இயல்புடையது. அச்சில் வரும் சிலவும் பக்தி நூல்களின் அடுக்கில் சேர்ந்துவிடுகின்றன. இலக்கிய வரலாற்றுக்குள் அவை வருவதில்லை. ஆயினும் எழுத்தறிவு குறைந்த சிற்றூர்ச் சபையில், நெடிய உரைநடையை ஆண்டு முழுவதும் செவிவழியே பெறும் வாய்ப்பைப் பலருக்கும் தருவது இவ்வுரையே. துன்பத்தை எப்படிப் பெயரிடுவது, இழப்பை எப்படித் தாங்குவது, எதற்கு அழுவது, எதை எதிர்த்துக் கேட்பது என்பவற்றை அது கேட்போருக்குப் பயிற்றுவிக்கிறது. இதனால் அதன் மொழி திறனாய்வுக்கு உரியதாகிறது.

இக்கட்டுரை தனியொரு சபையின் உரைகளைத் தொகுத்து ஆராயும் களஆய்வு அன்று. தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் பரவலாக நிலவும் உரை அமைப்பை வகைமை என்ற நிலையில் எடுத்துக்கொண்டு, அதன் வலிமையையும் குறையையும் மதிப்பிடுகிறது. உரைகளின் இறையியல் சரிதானா என்பது இங்குப் பொருளன்று. அவை தமிழாக எவ்வாறு இயங்குகின்றன என்பதே பொருள்.

1. நாள் கொள்ளாத மரபும் நாற்பது நாளும்

பாப்திஸ்து மரபையும் லெந்து நாட்களையும் ஒருசேரக் கூறுவதே ஒரு முரண். கி.பி. 325-இல் கூடிய நிக்கேயா பேரவையின் விதிகளுள் ஐந்தாவது, நாற்பது நாட்களைக் குறிப்பிடுகிறது. தொடக்கக்காலத் திருச்சபையில் உயிர்ப்புப் பெருவிழாவன்று ஞானஸ்நானம் பெறவிருந்தோர் தம்மை ஆயத்தம் செய்துகொண்ட காலம் என்ற பொருள் இந்நாட்களுக்கு உண்டு. பிற்காலத்தில் அது அனைவருக்குமான நோன்புக்காலமாக விரிந்தது. சீர்திருத்த இயக்கம் இதனைக் கேள்விக்குட்படுத்தியது. 1522-ஆம் ஆண்டு லெந்து நாட்களில் சூரிக் நகர அச்சகத்தார் ஒருவரின் இல்லத்தில் இறைச்சி உண்ணப்பட்டதும், உணவு விலக்கை வேதம் கட்டளையிடவில்லை என்று சுவிங்கிலி பிரசங்கித்ததும் வரலாறு. இங்கிலாந்தில் 1647-இல் நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் முதலிய திருநாட்களையே நீக்கி ஆணையிட்டது. ஆங்கில பாப்திஸ்து சபைகள் உருப்பெற்றது இந்தச் சூழலில்தான். நாட்களையும் மாதங்களையும் கொண்டாடுவது பற்றிப் பவுல் கலாத்தியருக்கு எழுதிய கண்டிப்பு இம்மரபினருக்கு முதன்மைச் சான்று. 19-ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பாப்திஸ்து பிரசங்கியாரான சார்லஸ் ஸ்பர்ஜன் (1834–1892) திருநாட்களுக்குச் சமய மதிப்பளிப்பதை ஏற்காதவர். ஆனால் சிலுவைப்பாடுகளை அவர் ஆண்டு முழுவதும் பிரசங்கித்தார். அம்மரபில் பாடுகளின் தியானத்துக்குக் காலம் தேவையில்லை, வசனமே போதும்.

தமிழகத்தில் பாப்திஸ்து பணி பரப்பளவில் சிறியது. ஸ்டிரிக்ட் பாப்திஸ்து மிஷனைச் சேர்ந்த ஜெசி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லின் பிராண்டும் கொல்லிமலையில் ஆற்றிய பணி அதன் அறியப்பட்ட பக்கங்களுள் ஒன்று. தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் கண்ட பால் பிராண்ட் அங்கு வளர்ந்தவர். இத்தகைய சிறு சபைகள் எங்கிருந்தாலும் அவற்றின் அண்டை அயலில் லுத்தரன், தென்னிந்தியத் திருச்சபை, கத்தோலிக்க சபைகள் இருக்கின்றன. கடலூர் மாவட்டத்தில் டேனிஷ் மிஷன் வழிவந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் செல்வாக்கு தெளிவானது. கொள்கையளவில் நாள் பாராத பாப்திஸ்து சபை நடைமுறையில் லெந்துகாலக் கூட்டங்களையும் பெரிய வெள்ளி ஆராதனையையும் நடத்துவதற்கு இந்த அயல்மையும் ஒரு காரணம். உறவுமுறையும் திருமணத் தொடர்பும் சபை எல்லைகளைக் கடந்து நிற்கும் ஊரில், சித்தியின் சபை கறி விலக்கும் நாட்களில் தம் வீட்டு அடுப்பை மட்டும் தனியே வைத்துக்கொள்ள எவருக்கும் இயலுவதில்லை.

2. மாசியும் பங்குனியும்

மற்றொரு காரணம் தமிழ் ஆண்டின் ஓட்டத்தில் இருக்கிறது. ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் மாசி மகத்தை ஒட்டிக் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வதும், அங்குள்ள தர்காவில் இசுலாமியர் மரியாதை செய்வதும் இவ்வட்டாரம் நன்கறிந்த வழக்கம். ஒரு சமயத்தின் பயணம் மற்றொரு சமயத்தின் வாயிலில் நின்று செல்வது இங்கு வியப்புக்குரியதன்று. மாசி மகம் முழுநிலவை ஒட்டியது. ஈஸ்டரும் மார்ச் 21-ஐ ஒட்டியோ அதற்குப் பின்னரோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு என்ற கணக்கில் அமைவது. ஆகவே மாசி மகமும் பங்குனி உத்திரமும் பெரும்பாலான ஆண்டுகளில் லெந்து நாட்களுக்குள் வந்துவிடுகின்றன. 2024-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 14. மாசி மகம் பிப்ரவரி 24. பங்குனி உத்திரம் மார்ச் 25. பெரிய வெள்ளி மார்ச் 29. ஈஸ்டர் மார்ச் 31.

இந்த ஒருங்கு நிகழ்வுக்குச் சமயப் பொருள் கற்பிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. கேட்போரின் செவி எத்தகையது என்பதற்கே இது சான்று. விரதமும் நீராடலும் நடைப்பயணமும் நிறைந்த வாரங்களில் வாழும் மக்களுக்கு லெந்து என்பது ஏட்டில் மட்டும் உள்ள கட்டளையாக இருப்பதில்லை. காலத்தின் வழியே பொருளை உணரும் பழக்கம் அவர்களுக்கு முன்பே உண்டு. வசனத்தை மட்டும் நம்பும் மரபு, காலத்தை நம்பும் மக்களிடம் பேசும்போது பிறக்கும் உரையே தமிழ் பாப்திஸ்து லெந்துகால உரை.

3. சுமை விழும் இடம்

இவ்விரு போக்கும் சந்தித்த இலக்கியக் களம் ஒன்று தமிழில் உண்டு. பெட்போர்டு சபையைச் சார்ந்த ஜான் பனியன் (1628–1688) பாப்திஸ்து மரபினர் தம்மவராகக் கொண்டாடும் எழுத்தாளர். அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்தவர். 1678-இல் வெளிவந்த அவரது பயண உருவகக் கதை, 'மோட்சப் பிரயாணம்' என்ற பெயரில் தமிழ்ச் சபைகளில் இன்றும் வாசிக்கப்படுகிறது. அதனைத் தழுவி எச்.ஏ.கிருட்டிணபிள்ளை (1827–1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 'நற்போதகம்' இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்து 1894-இல் நூலாயிற்று. கிருட்டிணபிள்ளை பாப்திஸ்து சபையினர் அல்லர். வைணவ வேளாளர் குடியில் பிறந்து 1858-இல் ஆங்கிலிக்கன் மரபில் ஞானஸ்நானம் பெற்றவர். இரு மரபுகளுக்கும் இடையிலான வேறுபாட்டைக் காண அவரது தழுவல் மிகவும் ஏற்றது.

பனியனின் கதையில் சிலுவைக் காட்சி மிகச் சிறியது. சற்றே உயர்ந்த இடத்தில் சிலுவை; அதன் கீழே சரிவில் ஒரு கல்லறை. சிலுவையை அடைந்ததும் பயணியின் முதுகிலிருந்த சுமை தானே கழன்று உருண்டு கல்லறையின் வாய்க்குள் விழுந்து மறைகிறது. அவன் மகிழ்ச்சியால் மும்முறை துள்ளுகிறான். இயேசுவின் பாடுகள் அங்கு விவரிக்கப்படவில்லை. வாசகர் அவற்றை வேதத்தில் அறிந்திருப்பார் என்பதே துணிபு. சிலுவையும் கல்லறையும் ஒரே காட்சியில் இருப்பது குறிப்பிடத்தக்கது.

கிருட்டிணபிள்ளை இதற்கு மாறாகக் குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலத்தை அமைத்து, இயேசுவின் இறுதிக்கால நிகழ்ச்சிகளை விருத்தங்களில் விரித்துரைக்கிறார். மூலத்தில் இல்லாததைச் சேர்த்தார் என்று இதனைக் குறைகூறுவது எளிது. ஆனால் தமிழ்க் காப்பிய மரபில் தலைவனின் துயரம் கேட்போரின் கண்முன் நிகழாமல் சுமை இறங்குவது நம்பத்தக்கதாகாது. கம்பனைக் கேட்டுப் பழகிய செவிக்குப் பனியனின் சுருக்கம் போதாது என்பதை அவர் உணர்ந்திருக்கிறார். யாழ்ப்பாணம், மன்னார் கத்தோலிக்கரிடையே லெந்து நாட்களில் ஓதப்பெறும் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் (1676–1742) 'வியாகுலப் பிரசங்கம்' இதே தேவையை உரைநடையில் நிறைவேற்றியது. பாடுகளைத் தமிழில் கூறுவோர் சபை வேறுபாடின்றிப் புலம்பலின் பக்கம் ஈர்க்கப்பட்டனர் எனலாம்.

4. கையறுநிலையின் வினா

இரட்சணிய சரிதப் படலத்தில் இயேசு அவமதிக்கப்படும் காட்சியில் இருவகைக் குரல்கள் எழுகின்றன. ஒன்று, துன்புறுத்துவோரையும் பொறுத்து நிற்கும் தலைவனின் பெருமையைப் போற்றுவது. மற்றொன்று, இக்கொடுமை கண்டும் வானம் இடிந்து விழவில்லையே, மண் பிளக்கவில்லையே என்று ஏங்குவது. இரண்டாம் குரல் நற்செய்தி நூல்களில் இல்லை. மத்தேயுவில் இயேசு இறந்தபின் நிலம் அதிர்கிறது. அதற்கு முன் எவரும் நிலத்தை நோக்கி ஏன் அதிரவில்லை என்று கேட்பதில்லை. இந்த வினா தமிழ் மரபு தந்தது.

ஒல்லையூர்ப் பெருஞ்சாத்தன் மாய்ந்தபின் குடவாயிற் கீரத்தனார் பாடிய கையறுநிலைப் பாட்டு (புறநானூறு 242), பூத்து நிற்கும் முல்லையை நோக்கி வினவுவது. சூடுவோர் எவரும் இலர். இந்நிலையிலும் நீ பூக்கலாமோ என்பது அதன் கருத்து. துன்பமாலையில் கண்ணகி கதிரவனை வினவுகிறாள். இவ்விடங்களில் புலம்பல், இழப்பை ஏற்றுக்கொள்வதில் நின்றுவிடவில்லை. உலகம் வழக்கம்போல் நடந்துகொண்டிருப்பது நியாயமா என்று அது வழக்காடுகிறது. கிருட்டிணபிள்ளையின் ஏக்கக் குரல் இந்த வழக்காடலின் தொடர்ச்சி.

இன்றைய பெரிய வெள்ளி உரைநடையில் முதற்குரல் மட்டுமே பெரும்பாலும் எஞ்சியுள்ளது. முள்முடி, கசையடி, ஆணி ஆகியவை உருக்கத்துடன் விவரிக்கப்படுகின்றன. கேட்போர் கண்ணீர் விடுகின்றனர். பின்னர் உரை, அவர் பொறுத்தார், நீங்களும் பொறுங்கள் என்ற படிப்பினைக்குச் செல்கிறது. புலம்பலின் ஒலி இருக்கிறது. அதன் வினா இல்லை.

இதற்கு உரை அமைப்பும் காரணமாகிறது. பெரிய வெள்ளியன்று நண்பகல் 12 முதல் 3 மணி வரை நிகழும் மும்மணித் தியானத்தில் சிலுவையின் ஏழு வார்த்தைகள் வரிசைப்படி பிரசங்கிக்கப்படுகின்றன. இவ்வழிபாட்டை லிமா நகரத்து இயேசு சபைத் துறவி அலோன்சோ மெசியாவுடன் (1655–1732) தொடர்புபடுத்துவர். கத்தோலிக்கத் துறவி வகுத்த முறையைச் சீர்திருத்தச் சபைகளும், நாள் பாராத பாப்திஸ்து சபைகளும் தமதாக்கிக் கொண்டிருப்பது வழிபாட்டு வரலாற்றின் சுவையான செய்தி. ஏழு வார்த்தைகளுள் மூன்று லூக்காவிலும் மூன்று யோவானிலும் உள்ளன. கைவிடப்பட்டமை குறித்த கூக்குரல் ஒன்றே மத்தேயுவிலும் மாற்கிலும் உள்ளது. மாற்கின் சிலுவையில் இயேசு சொற்களாக மொழிவது அதனை மட்டுமே. அதன்பின் சொல்லற்ற பெருங்குரலும் இறப்பும் நிகழ்கின்றன. ஏழையும் கோக்கும் வரிசையிலோ அக்கூக்குரல் நான்காவதாக நடுவில் அமைகிறது. அதற்குப்பின் தாகம், நிறைவு, ஒப்படைப்பு என்று மூன்று வார்த்தைகள் வந்து அதனைத் தணித்துவிடுகின்றன. நான்காம் வார்த்தையைப் பேசுபவர் விடையளிக்கும் பொறுப்பை அடுத்தவரிடம் விட்டுவிட்டு அமரலாம். பலர் அவ்வாறு செய்வதில்லை. பாவத்தின் கொடுமையை விளக்கி, வினாவை உடனே மூடிவிடுகின்றனர். தமிழ் வேதாகமம் அக்கூக்குரலை அரமேய ஒலியிலேயே வைத்துப் பின்னர்ப் பொருள் தருகிறது. பொருளுக்கு முந்திய ஒலியாக அதனைக் கேட்கச் செய்யும் வாய்ப்பு நூலிலேயே உள்ளது. உரைகள் அவ்வாய்ப்பைப் பயன்கொள்வது அரிது.

5. பொறுமை யாருக்குச் சொல்லப்படுகிறது?

இதனை நடை சார்ந்த குறை என்று மட்டும் விட்டுவிட இயலாது. பொறுமையின் உபதேசம் யாருடைய செவியில் விழுகிறது என்பது முக்கியமானது. கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளியும், குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு வாழும் பெண்ணும், சேரியில் பிறந்ததால் தேநீர்க் கடையில் வேறு குவளை கண்டவரும் அமர்ந்திருக்கும் இடத்தில், அடிபட்டும் வாய்திறவாதவரைப் பின்பற்றுங்கள் என்பது அடிப்பவரைக் காக்கும் சொல்லாகிவிடக்கூடும். பிரசங்கியாரின் எண்ணம் அதுவன்று என்பது உண்மை. ஆனால் உரையின் பொருள் பேசுபவரின் எண்ணத்தோடு முடிந்துவிடுவதில்லை.

தலித் இறையியலாளர் இதனை முன்பே உணர்த்தியுள்ளனர். சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அரவிந்த் பி. நிர்மல், சிலுவையின் கூக்குரலில் ஒடுக்கப்பட்டோரின் கைவிடப்பட்ட நிலையைக் கேட்டார். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு, நாட்டார் இசையையும் வழக்கையும் வழிபாட்டுக்குள் கொணர்ந்தார். இவர்கள் வழியில் நோக்கினால் புலம்பலைக் கைவிட வேண்டியதில்லை. சாவு வீட்டின் ஒப்பாரியே ஏசலும் முறையீடும் கலந்தது. மகளுக்குச் சீர் செய்யாத அண்ணனையும், மருந்து தராத ஊரையும் பெண்கள் ஒப்பாரியில் பெயர் சொல்லிக் கேட்கின்றனர். பெரிய வெள்ளி உரை அந்த உரிமையைத் திரும்பப் பெற வேண்டும் என்பதே இங்குக் கோரப்படுவது. நான்காம் வார்த்தை வினாவாகவே நிற்கும் வண்ணம் ஓர் உரை அமையுமாயின், பொறுமை என்பது வாயடைத்தல் ஆகாது.

6. சனிக்கிழமை

கையறுநிலைக்கு மறுநாள் கிடையாது. மாய்ந்தவன் மீள்வதில்லை; பாட்டு அங்கேயே முடிகிறது. இம்மரபில் ஊறிய பெரிய வெள்ளி உரை, ஞாயிறு வந்ததும் தடுமாறுவதன் காரணம் இதுவே. வெள்ளியின் மூன்று மணிநேரத்துக்கு ஈடாக ஞாயிற்றின் உரை விரிவதில்லை. விரிந்தாலும் அது பெரும்பாலும் வழக்குரை நடையை மேற்கொள்கிறது: கல்லறை வெறுமையாக இருந்தது, காவலர் இருந்தனர், சீடர் உடலைத் திருடியிருக்க இயலாது, 500-க்கும் மேற்பட்டோர் கண்டனர், ஆகவே உயிர்த்தெழுதல் உண்மை. பிராங்க் மாரிசன் 1930-இல் கல்லைப் புரட்டியது யார் என்ற வினாவைத் தலைப்பாக்கி எழுதிய ஆங்கில நூல் இவ்வகை வாதத்தைப் பரவலாக்கியது. 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரத்தில் பவுலே சாட்சிகளை அடுக்குகிறார் என்பதும் மெய். ஆயினும் அவ்வதிகாரம் அடுக்கோடு முடிவதில்லை. மரணத்தை நேரே விளித்து எள்ளும் கவிதையாக உயர்கிறது. நம் உரைகள் அடுக்கை எடுத்துக்கொண்டு விளியை விட்டுவிடுகின்றன. முன்தினம் வரை அழுதவரிடம் திடீரென நீதிமன்றத்தின் மொழி பேசப்படுகிறது.

இடையில் விடுபட்டது சனிக்கிழமை. நற்செய்தி நூல்களும் அந்நாளைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கின்றன. ஆனால் சொல்வது கூர்மையானது. மத்தேயுவில் பிரதான ஆசாரியரும் பரிசேயரும் பிலாத்துவிடம் சென்று கல்லறைக்கு முத்திரையிட்டுக் காவல் வைக்கின்றனர். லூக்காவில் பெண்கள் நறுமணப் பொருள்களை ஆயத்தம் செய்தபின் கட்டளைப்படி ஓய்ந்திருக்கின்றனர். அதிகாரம் ஓய்வுநாளிலும் பரபரப்பாக இயங்குகிறது; அன்பு செய்வதறியாது காத்திருக்கிறது. இவ்விரு படங்களையும் அருகருகே வைத்துப் பேசும் உரை, வெள்ளிக்கும் ஞாயிற்றுக்கும் இடையே கேட்போர் கடக்க வேண்டிய வெளியைக் காட்டும். மகன் இறந்த வீட்டில், கடன் தீராத வீட்டில், நோய் நீங்காத உடலில் வாழ்வோருக்கு ஆண்டின் பெரும்பகுதி சனிக்கிழமையே. அவர்களிடம் வெள்ளியின் கண்ணீரையும் ஞாயிற்றின் வெற்றியையும் மட்டும் பேசுவது அவர்கள் வாழும் நாளைப் பற்றிப் பேசாதிருப்பதாகும்.

7. மணி நா கட்டிய தேர்

காத்திருத்தலுக்கு மொழி தேடித் தமிழர் வெளியே செல்ல வேண்டியதில்லை. தொல்காப்பிய மரபு நெய்தலுக்கு இரங்கலையும் முல்லைக்கு இருத்தலையும் உரிப்பொருளாக வகுத்துள்ளது. நம் லெந்துகால உரைகள் இரங்கலில் தேர்ந்தவை. இருத்தலைப் பயின்றவை அல்ல. அகமரபை இறையன்புக்கு ஆக்குவது புதிதுமன்று. நம்மாழ்வாரும் ஆண்டாளும் அவ்வாறு பாடினர். கிருட்டிணபிள்ளை பிறந்து வளர்ந்ததும் அந்த வைணவச் சூழலில்தான். இங்குச் செய்யப்படுவது கோட்பாட்டு ஒப்புமை அன்று. கேட்கும் முறைக்கான ஒப்பீடு மட்டுமே.

குறுங்குடி மருதனாரின் முல்லைப் பாட்டில் (அகநானூறு 4) தோழி தலைவியிடம் கார்ப்பருவத்தின் வரவைக் காட்டுகிறாள். தலைவன் வந்துகொண்டிருக்கிறான், ஆனால் பூக்களில் தேனுண்ணும் வண்டுகள் அஞ்சிக் கலையக்கூடாது என்று தேர்மணியின் நாவைக் கட்டி வருகிறான். மீட்சி ஓசையின்றி நெருங்குகிறது. நற்செய்தி நூல்கள் நான்கிலும் உயிர்த்தெழும் கணம் விவரிக்கப்படவில்லை என்பதை இதனோடு ஒப்புநோக்கலாம். எவரும் அதனைக் கண்டிலர். யோவான் 20-இல் தோட்டத்தில் அழுதுகொண்டிருக்கும் மகதலேனா மரியாள், எதிரே நிற்பவரைத் தோட்டக்காரர் என்றே கருதுகிறாள்; தன் பெயர் சொல்லி அழைக்கப்பட்டபோதுதான் அறிகிறாள். சான்றுகளின் தொகுப்பு அவளுக்கு அறிவைத் தரவில்லை. பழகிய குரல் தந்தது. மாற்கின் மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் நூல் 16:8-உடன், அஞ்சி ஓடும் பெண்களோடு முடிகிறது. ஆரவாரமான உயிர்ப்புரைக்கு இவ்விடங்கள் இடம் தருவதில்லை. அமைதியான உயிர்ப்புரைக்கு இவையே ஊற்று.

அப்பாட்டின் பழைய துறைக்குறிப்பு, தோழி தலைமகளைப் பருவம் காட்டி வற்புறுத்தியது என்பது. இன்று வற்புறுத்துதல் என்றால் கட்டாயப்படுத்துதல். அகமரபில் அதன் பொருள் வேறு: தளர்ந்த நெஞ்சைத் திடப்படுத்துதல், ஆற்றியிருக்கச் செய்தல். ஒரே சொல்லின் இவ்விரு பொருள்களும் உயிர்ப்புரையின் இரு வழிகளைக் காட்டுகின்றன. வாதங்களை அடுக்கி நம்பச் சொல்வது இன்றைய பொருளிலான வற்புறுத்தல். கேட்பவரின் அருகில் நின்று, இதோ முகில், இதோ மலர்ந்த அரும்பு என்று காட்டுவது பழைய பொருளிலான வற்புறுத்தல். தோழி தலைவன் வந்துவிட்டான் என்று பொய் சொல்வதில்லை. தலைவியின் துயரை மறுப்பதுமில்லை. வரவின் அறிகுறிகளைச் சுட்டுகிறாள். பிரசங்கியார்க்கு இவளினும் தகுந்த முன்மாதிரி தமிழில் அரிது. கல்லறைக்கு முதலில் சென்றவர்களாக நான்கு நூல்களும் பெண்களையே கூறுவதையும், பல சபைகளில் அச்செய்தியைப் பிரசங்க மேடையிலிருந்து கூறும் இடம் பெண்களுக்கு இன்னும் கிட்டாமையையும் இவ்விடத்தில் எண்ணிப்பார்க்க வேண்டும்.

8. நீரில் இறங்குதல்

இவ்வாறான உரைக்குப் பாப்திஸ்து மரபிலேயே வலுவான அடித்தளம் உண்டு. ரோமர் 6-ஆம் அதிகாரம் ஞானஸ்நானத்தைக் கிறிஸ்துவோடு மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, எழுவதாகக் காண்கிறது. முழுக்கு ஞானஸ்நானத்தை வலியுறுத்தும் சபையில் இது கண்ணால் காணும் காட்சி. ஆற்றிலோ குளத்திலோ சபைக் கட்டடத்தின் தொட்டியிலோ ஒருவர் இறங்குகிறார், போதகரின் கை தாங்க நீருக்குள் சாய்கிறார், ஒரு கணம் மறைகிறார், எழுகிறார். மறைந்திருக்கும் அக்கணமே சனிக்கிழமை. பனியன் சிலுவையின் அடியில் கல்லறையை வைத்தது போல, இச்சடங்கும் இறப்பையும் அடக்கத்தையும் எழுச்சியையும் பிரிக்காமல் வைக்கிறது. லெந்து நாட்கள் தொடக்கத்தில் ஞானஸ்நான ஆயத்தமாக இருந்தன என்ற வரலாற்றை நினைந்தால், அந்நாட்களை மறுத்த மரபு அவற்றின் உட்பொருளைத் தன் நடுவில் காத்து வந்துள்ளது எனலாம். உயிர்ப்புரை வாதத்தை நாடாமல் இச்சடங்கை நாடுமாயின், அதற்குத் தன் மரபின் சொற்களே போதும். மாசி மகத்தில் நீராடலின் பொருளை அறிந்த வட்டாரத்தில் அச்சொற்கள் எளிதில் விளங்கும். விளங்குவதற்காகச் சமய வேறுபாட்டை மறைக்கவும் வேண்டியதில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. தமிழ் பாப்திஸ்து சபைகளின் லெந்துகால உரை, வசனத்தை நம்பும் மரபும் காலத்தை உணரும் மக்களும் சந்திக்கும் வகைமை. பெரிய வெள்ளியில் அது கையறுநிலையின் உருக்கத்தைப் பெற்று, இரட்சணிய யாத்திரிகம் காத்துவைத்த வினாவை இழந்துள்ளது. ஏழு வார்த்தைகளின் வரிசை இவ்விழப்புக்குத் துணைபுரிகிறது. வினா நீங்கிய புலம்பல், துன்புறுவோர்க்கு மட்டும் பொறுமையைக் கற்பிக்கும் அபாயம் உடையது. சனிக்கிழமையைக் கடந்து செல்வதால் உயிர்ப்புரை வாதமாகச் சுருங்குகிறது. முல்லையின் இருத்தலும் தோழியின் வற்புறுத்தலும் முழுக்கு ஞானஸ்நானத்தின் நீரும் இதற்கு மாற்றான மொழியைத் தரவல்லவை.

சிற்றூர்ச் சபைகளில் நிகழும் உரைகளை ஒலிப்பதிவு செய்து, வட்டார வழக்கும் நடையும் சிதையாமல் எழுத்தில் பெயர்த்துத் தொகுப்பது அடுத்த பணி. அப்போது இக்கட்டுரையின் கருதுகோள்களைச் சோதிக்கவும் திருத்தவும் இயலும். புறநானூற்று முல்லை, சூடுவார் இன்றிப் பூத்ததற்காக வினவப்பட்டது. அகநானூற்று முல்லை, வருவோனின் அறிகுறியாகக் காட்டப்பட்டது. இவ்விரண்டையும் ஒருங்கே பேசக்கூடிய உரைநடை தமிழ்ச் சபைகளில் உருவாவதற்கு இலக்கிய ஆய்வும் தன் பங்கை ஆற்றலாம்.